இறக்கி வைத்த வண்டி

ஜூன் 2

அத்தானுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்க இன்றைக்கு மனம் வரவில்லை. அது இல்லாமலே படியுங்கள்.

நேற்று அக்கா போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். “உங்க அத்தான் ஒரு கார் வாங்கியிருக்காருடி. மந்திரி வண்டி மாதிரி இருக்கு, உள்ள உட்கார்ந்தா சோபா தோத்துடும்” என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். புதுசா என்று கேட்டேன். “புதுசு இல்ல. நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்காம்” என்றாள், ஏதோ நாலு தெரு ஓடியிருக்கிற மாதிரி. கையில் இருந்த மாத்திரை கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட எனக்கு இப்போது அனுமதி இல்லை. சாயங்காலம் வேலைக்கார அம்மா வரும்வரை அது தரையிலேயே கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் போன் பாதி நேரம் அக்கா கையில் இருக்கிறது. மீதி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள். நான் உங்களைத் திட்டுவது அவளுக்குத் தெரிய வேண்டாம். அதனால்தான் உங்கள் ஓட்டல் லிஃப்ட் அறை முகவரிக்கே எழுதுகிறேன்.

அத்தான், எனக்கு நாற்பத்தொரு வயது. முதல் பிள்ளை, ஐந்தாவது மாதம். டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். குளியலறைக்குப் போக மட்டும் எழுந்திருக்கலாம். உங்கள் சகலை கப்பலில் இருக்கிறார், பிள்ளை பிறந்த பிறகுதான் கரைக்கு வருவார். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் அக்கா. அந்த நேரத்தில் அவள் என் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு யார் இருந்தாலும் எனக்கு இல்லாத மாதிரிதான்.

நான் இந்த மலையிலிருந்து இறங்க முடியாது. அவள் ஏற முடியாது. முதுகில் அறுவை முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. போன தடவை டாக்சியில் கிளம்பி, இரண்டாவது வேகத்தடையில் அவள் போட்ட கூச்சலில் டாக்சிக்காரரே அழுதுவிட்டாராம். அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான், அப்புறம் எந்த வண்டியிலும் ஏறவில்லை. ரயில் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. ஆம்புலன்ஸ் என்றால், “நான் என்ன பொணமா, படுத்துக்கிட்டு வர்றதுக்கு?” என்கிறாள்.

இப்படி இருக்கும்போது நீங்கள் ஊரெல்லாம் ஓடித் தேய்ந்துபோன ஒரு ஆடம்பர வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தி அழகு பார்க்கிறீர்கள். உங்கள் தலையில் யார் மிளகாய் அரைத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினி

*

ஜூன் 9

வாயாடிக்கு,

உன் கவர் கையில் பட்டபோதே சுட்டது. டீ குடித்துவிட்டுத்தான் பிரித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி எனக்காக இல்லை. என்னைப் போன்ற ஆளுக்கு அதில் உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

நான் லிஃப்ட் பார்க்கிற இந்த ஓட்டலில், விருந்தாளிகளை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர அது பல வருடம் ஓடியது. தினமும் கீழ்த்தளத்தில் அதைக் கடந்துதான் என் அறைக்குப் போவேன். இப்போது ஓட்டல்காரர்கள் வாடகைக் காரே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதை ஓட்டிய மீசைக்காரர் வண்டியை விட்டுப் பிரிய முடியாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். “இது நின்னு பழகாத வண்டி சார். யார்கிட்டயாவது போய் நின்னுடப் போகுதேன்னுதான் கவலை” என்றார்.

சாவியைத் திருப்பிக் காட்டினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வண்டி எழுந்தது. சொன்னால் நம்பமாட்டாய், படுத்திருந்த பசு எழுந்திருப்பது மாதிரி முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம். அதில் ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு ரப்பர் காற்றுப்பை. ஒரு சின்னக் கம்ப்ரசர் அவற்றில் காற்றை நிரப்பி இரண்டு டன் இரும்பைத் தூக்கி நிறுத்துகிறது. காலமெல்லாம் மனிதர்களை மேலே தூக்குகிற வேலைதான் பார்த்துவருகிறேன். இத்தனை சத்தமில்லாமல் ஒரு பாரம் எழுந்ததை நான் பார்த்ததில்லை. வாய் திறந்தபடி நின்றிருப்பேன் போலிருக்கிறது, மீசைக்காரர் சிரித்தார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. லிஃப்ட் சுத்தமாக ஓடுகிறதா என்று பார்க்க, அதன் தரையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திவிட்டு மேலே அனுப்புவோம். விழாமல் போய்ச் சேர்ந்தால் வேலை சரி. நான் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மூடிமேல் நிறுத்தினேன். நின்றது. நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சின், வாயாடி. மீசைக்காரர் மூச்சுவிடவில்லை, நானும் விடவில்லை. நாணயம் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. நான் வேலை பார்த்த பாதி லிஃப்டுகளில் அது விழுந்திருக்கும்.

அப்புறம் வெளியே ஓட்டிக் காட்டினார். நான் பின்சீட்டில். வேகத்தடை மேல் ஏறி இறங்கினோம் என்பதைப் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அந்த நிமிடம் எனக்கு உன் அக்கா முகம்தான் கண்ணுக்குள் வந்தது. இதில் உட்கார்ந்தால் அவள் உன்னிடம் வந்துவிடுவாள் என்று தோன்றியது. அங்கேயே தலையாட்டிவிட்டேன்.

நாலு லட்சத்தைச் சொல்லி என்னைப் பயமுறுத்தாதே. ஓடிய வண்டிக்குப் பயப்படக் கூடாது, நின்ற வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் எண்ணெய் எல்லா மூலைக்கும் போகும், ரப்பர் காயாது, தகட்டில் துரு ஏறாது. நிறுத்தி வைத்தால்தான் எல்லாம் கெடும். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாத்திரை விழுந்தால் இனிமேல் இன்னொன்றை எடுத்துப் போடு. அதற்காகக் காத்துக்கிடக்காதே.

லிஃப்ட் அறையிலிருந்து,
அத்தான்

*

ஜூன் 17

அன்புள்ள அத்தானுக்கு,

பாருங்கள், ‘அன்புள்ள’ போட்டுவிட்டேன். பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

நாணயம் நின்றதைப் படித்துக்கொண்டிருந்தபோது பிள்ளை அசைந்தது. முதல் தடவை. முதலில் பசி என்று நினைத்தேன். மறுபடி அசைந்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உள்ளே ஒரு ஆள் இருக்கிறது, அத்தான். இத்தனை நாளும் டாக்டர் சொல்லித்தான் தெரியும். இன்றைக்கு அதுவே சொல்லிவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, வீட்டில் சுவர்தான் இருந்தது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அக்காவிடம் நீங்கள் சொல்லாதீர்கள், நானே சொல்கிறேன்.

டாக்டர் படுக்கச் சொன்னது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். ‘கொஞ்சம் ஓய்வு’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால் ஒற்றைக் காலில் நின்று நடந்தே கிளம்பிவிடுவாள்.

நான் வேலை பார்க்கிற நூலகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் இல்லாமல் பழைய வரைபடங்கள் எல்லாம் மேசைமேல் அப்படியே கிடக்கின்றனவாம். போய்ச் சேர்ந்ததும் கிழிசல் ஒட்டுகிற வேலை மலையாகக் குவிந்திருக்கும்.

அக்கா வண்டியில் ஏறினாளா? அதை மட்டும் உடனே எழுதுங்கள். வண்டியின் அழகைப் பிறகு வருணிக்கலாம்.

மச்சினி

*

ஜூலை 5

வாயாடி,

ஏறினாள். உட்கார்ந்து படி.

ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவன் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது என்பது உனக்குத் தெரியும். முதல் மாடியிலிருந்து நானும் எதிர்வீட்டுத் தையல்காரரும் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். பின்சீட்டில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தேன். கதவை நான் மூடக்கூட இல்லை. லேசாகச் சாத்தினால் போதும், மீதியை அதுவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ‘சடார்’ என்ற சத்தத்துக்குக் காத்திருந்து தோளைக் குறுக்கிக்கொண்ட உன் அக்கா, “மூடியாச்சா?” என்றாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு கை முன்சீட்டைப் பிடித்திருந்தது, விரல் நுனியெல்லாம் வெள்ளை. நான் கிளப்பினேன். தெருமுனையில் முதல் வேகத்தடை. தாண்டியாயிற்று. பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டாவது. அதுவும் தாண்டியாயிற்று. பாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்:

“ஏங்க, இன்னும் கிளம்பலையா?”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் கண்ணைத் திறந்து வெளியே ஆற்றைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “பாலம் தாண்டிட்டோமா?” என்றாள். அப்புறம் சிரித்தாள். அறுவைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

இனி செலவுக் கதைக்கு வருகிறேன், நீ எப்படியும் கேட்பாய். இந்த வண்டியைப் பார்க்க ஒரு மெக்கானிக்கைப் பிடித்திருக்கிறேன். எல்லாரும் அவரைக் கடுகு என்கிறார்கள். வாயைத் திறந்தால் எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி படபடவென்று வெடிப்பார். ஆனால் பானெட்டைத் திறந்ததும் அவர் சத்தம் அடங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே நீட்டினார். “இதை வரைஞ்சவன் ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பான் சார்” என்றார். எண்ணெய் மாற்றினோம், பெல்ட் மாற்றினோம், பிரேக் மாற்றினோம். தோல் சீட்டுக்கு நானே களிம்பு தடவுகிறேன்.

ஒரு குறைதான். மீசைக்காரர் கையில் இருந்தவரை ஒழுங்காக இருந்த வண்டி, இந்த ஒரு மாதமாகக் காலையில் எழுந்திருக்கத் தடுமாறுகிறது. இடது பின்மூலை ரொம்ப நேரம் கழித்துத்தான் மேலே வருகிறது. கம்ப்ரசர் கையை வைக்க முடியாமல் சுடுகிறது. கடுகு படுத்துக்கொண்டு பார்த்துவிட்டு, அந்தக் காற்றுப்பையில் மடிப்புக்கு மடிப்பு வெடித்திருக்கிறது என்கிறார். எப்படி இத்தனை சீக்கிரம் என்று அவருக்கே புரியவில்லை. புதுப்பைக்குச் சொல்லியிருக்கிறோம், வர நாளாகும்.

வண்டிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அதையும் உன் அக்காவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தால்கூட அவளைக் குனிய விடுவதில்லை.

அத்தான்

*

ஜூலை 13

அன்புள்ள அத்தானுக்கு,

“இன்னும் கிளம்பலையா” என்பதைப் படித்துவிட்டுப் பத்துத் தடவையாவது எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். இந்த வண்டிக்கு நான் எழுதிய ஒவ்வொரு வசவையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது எங்கே நின்றாலும் என் சார்பில் அதன் தலையைத் தடவிக்கொடுங்கள்.

ஆனால் ஒன்று மனதில் உறுத்துகிறது. மடிப்பில் வெடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மடிப்பு என் பிழைப்பு, அத்தான். என் மேசைக்கு வருகிற வரைபடங்கள் ஓடி, கைமாறி, மழையில் நனைந்து கிழிவதில்லை. மடித்துப் பெட்டியில் வைத்ததில்தான் கிழிகின்றன. பத்திரமாக, யாரும் தொடாமல் வைத்திருந்தது என்று சொல்லிக்கொண்டு கொண்டுவருவார்கள். பிரித்தால் மடிப்போடு துண்டு துண்டாகக் கையில் வரும். விரித்து மாட்டியிருந்த வரைபடம் மங்கிப்போயிருக்கும், ஆனால் முழுசாக இருக்கும்.

அதனால் கேட்கிறேன். காற்றுப்பை காற்றோடு நிற்கும்போது மடிந்தா இருக்கும்? வண்டி நிற்கும்போது நீங்கள் அதை என்ன செய்கிறீர்கள்?

மச்சினி

*

ஜூலை 20

வாயாடி,

உன் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

வண்டியில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஏறி இறங்க வசதியாக வண்டியைத் தரையோடு தாழ்த்தும். தினமும் வேலை முடிந்து வந்ததும் அதை அமுக்கி, வண்டியை முழுசாக இறக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். காலையில் மறுபடி எழுப்புவேன். மீசைக்காரர் இதெல்லாம் செய்ததில்லை, பாவம், அவருக்குத் தெரியாது. நாங்கள் சரக்கு லிஃப்டை அப்படித்தான் வைப்போம். எண்ணெய் அழுத்தத்தில் தூக்குகிற லிஃப்டை மேலே நிறுத்திவிட்டுப் போனால் பாரம் முழுவதும் எண்ணெய்மேல் நிற்கும், சீல் போய்விடும். கீழ்த்தளத்தில் இறக்கி வைத்தால் பாரமெல்லாம் தரைக்குப் போய்விடும். அதற்கும் ஓய்வு, நமக்கும் தூக்கம்.

நாலு லட்சம் கிலோமீட்டர் நின்றே களைத்த வண்டிக்கு நான் தருகிற மரியாதை அது.

அத்தான்

*

ஜூலை 27

அத்தான்,

நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.

அது லிஃப்ட் இல்லை, அத்தான். இறக்கி வைக்கும்போது பை மடிகிறது. அதன்மேல் இரண்டு டன் உட்கார்கிறது. விடியும்வரை மடிப்பிலேயே நசுங்கிக் கிடக்கிறது. காலையில் அந்தக் கம்ப்ரசர் அடிமட்டத்திலிருந்து முழு வண்டியையும் தூக்க வேண்டியிருக்கிறது, தினமும். மீசைக்காரர் நிற்க வைத்தே ஓட்டினார், அது பாட்டுக்கு ஓடியது. நீங்கள் ஓய்வு கொடுத்தே அதை நொண்டியாக்கிவிட்டீர்கள். நம்பாவிட்டால் கடுகிடம் கேளுங்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

ஸ்பூன் விழுந்தால்கூட அக்காவைக் குனிய விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உடற்பயிற்சி சொல்லித்தருகிற அம்மா அவளை மாடிப்படி இறங்கச் சொல்லி எத்தனை மாதம் ஆகிறது? நீங்கள் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று சொல்லிவருவதை அக்காவே ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். நாற்காலியோடு தூக்கி இறக்கினோம் என்று எனக்கு எழுதினீர்களே, அவள் கால் எங்கே போயிற்று? ஓடிய வண்டிக்குப் பயப்படாதே, நிறுத்தி வைத்தால்தான் கெடும் என்று எனக்குப் பாடம் எடுத்தது நீங்கள்தானே. வண்டிக்கு ஒரு நியாயம், என் அக்காவுக்கு ஒரு நியாயமா?

நான் படுத்துக்கிடக்கிறேன், அத்தான். டாக்டர் சொன்னதால், ஒரு உயிருக்காக. அப்படியும் என் கால் எப்படி மெலிந்துவிட்டது என்று தினமும் பார்க்கிறேன். அவளைப் படுக்கச் சொன்னது எந்த டாக்டர்?

கோபம் வந்தால் எழுதாமல் இருங்கள். ஆனால் செப்டம்பரில் அவளை அனுப்பிவிடுங்கள்.

மச்சினி

*

ஆகஸ்ட் 24

வாயாடி,

கோபம் வந்தது. அதனால்தான் எழுதவில்லை. உன் அக்கா வலியில் கத்தியபோது பக்கத்தில் இருந்தவன் நான், இவள் மலையில் படுத்துக்கொண்டு எனக்கு நாட்டாமை செய்கிறாளா என்று இருந்தது. உன் கடிதத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு, பிறகு நானே எடுத்து நீவி வைத்தேன். அதிலும் மடிப்பு விழுந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

கடுகிடம் கேட்டேன். “தினமுமா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் வெடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வெடிக்கவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சார், அது நிக்கிறதுக்குன்னே செஞ்ச வண்டி. நின்னா அதுக்கு வலிக்காது” என்றார். பின்பைகள் இரண்டும் மாற்றியாயிற்று, கம்ப்ரசரும் புதுசு. முன்பைகள் வரவில்லை. கப்பலில் வருகிறதாம், உன் வீட்டுக்காரர் கப்பலோ என்னவோ. இப்போது நான் பொத்தான் பக்கமே போவதில்லை. காலையில் கீழே வந்தால் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. அதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது உன் அக்கா. போன வாரம் சாப்பிடும்போது ஸ்பூன் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். அவள் மறுபடி பார்த்தாள். அப்புறம் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, நேராகக் கீழே போய், எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. நான் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

“என்ன பார்க்கறீங்க?” என்றாள். “நீங்க வேலைக்குப் போனப்புறம் யாரு எடுக்கறதா நினைச்சீங்க? வீடு துடைக்கறது, துணி காயப்போடறது எல்லாம் யாரு?”

தையல்காரர் மனைவி உதவுகிறாள் என்று நினைத்திருந்தேன் என்றேன்.

“அவளுக்கு வேற வேலை இல்லையா? நான் எந்திரிச்சா உங்க முகம் வெளுத்துப்போயிடுது. அதைப் பார்க்க எனக்கு மனசு வரல. அதான் நீங்க வர்ற நேரத்துக்குப் போய்ப் படுத்துக்குவேன்.”

ஒரு வருடமாக அவளுக்கு நான் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். எழுந்து நடக்க முடிந்தவள், நான் பயப்படக் கூடாது என்று என் காலடிச் சத்தம் கேட்டதும் போய்ப் படுத்திருக்கிறாள். அன்றைக்கு முழுவதும் அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படிக்குப் போகிறாள், வருகிறாள், ஜன்னலைச் சாத்துகிறாள். கல்யாணமான புதிதில்கூட நான் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

மாடிப்படி இப்போது தினமும். ஆனால் வண்டி விஷயத்தில் பயம் அவளுக்கு நிஜம். குலுக்கல் என்றால் இன்னும் உடம்பு உதறுகிறது. அதனால் இந்த வண்டிதான், இதில்தான் வருவாள். முன்பைகள் வந்து மாட்டியதும் கிளம்பிவிடுவோம்.

நீ சொன்னது சரி. ஒரு தடவைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்.

அத்தான்

*

செப்டம்பர் 3

அன்புள்ள அத்தான்,

பிள்ளை நாள் கணக்குக்கு முன்பே வந்துவிடலாம் என்கிறார் டாக்டர். நேற்று வலி மாதிரி ஒன்று வந்து போனது. எந்த நாளும் ஆகலாமாம்.

பைக்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இருக்கிறது. இத்தனை நாள் கழித்துக் கிடைத்திருக்கிறது, கை நழுவிப் போய்விடுமோ என்று இருக்கிறது. அக்காவின் குரல் போதாது, அவள் கை வேண்டும்.

நான் படுத்தே கிடக்கிற கதையையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வாயாடி

*

செப்டம்பர் 9

வாயாடி,

இது தபாலில் வரவில்லை. பானெட்டை மேசையாக வைத்துக்கொண்டு அவசரமாக எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பேசாமல் பையில் துணி எடுத்து வைக்க ஆரம்பித்தாள். பழைய முன்பைகளோடுதான் கிளம்பினோம். கடுகு கூடாது என்றார், பிறகு அவரே தண்ணீர் பாட்டிலெல்லாம் நிரப்பிக் கொடுத்தார்.

வண்டியைப் பற்றி என்ன சொல்வேன். காலையிலிருந்து சமவெளி முழுவதும் கப்பல் மாதிரி வந்தது. உன் அக்கா பாதி வழி தூங்கினாள். மலைப்பாதை தொடங்குகிற பிரிவுச்சாலை, டீக்கடை எதிரில், ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் கேட்டது. முன்பக்கம் மெதுவாகத் தரைக்கு இறங்கியது. தகடு டயர்மேல் உட்கார்ந்துவிட்டது. இனி ஒரு அடி நகராது. இதற்கு யார் காரணம் என்று நீ எழுத வேண்டாம். அந்த வீட்டுப்பாடம் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

தூக்கிப்போக லாரி நாளைக்குத்தான் வருமாம். டாக்சி ஒன்றும் இந்த வழியில் இல்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு ரொட்டி வேன் வந்து டீக்கடையில் நின்றது. பழைய தகர வேன். ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரே ஒரு சீட்டு, பலகைமேல் ரெக்சின் போர்த்தியது.

திரும்பிப் பார்க்கிறேன், உன் அக்கா காரிலிருந்து தானே இறங்கி, வேன்காரர் முன்னால் நிற்கிறாள்.

“தம்பி, இந்த வேன் மேல போகுமா?”

“போகும்மா. ஆனா ரொம்ப ஆட்டும். ரோடு மோசம்.”

“ஆட்டட்டும்” என்றாள்.

நான் ஓடிப்போய் மறித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, முதுகு, தையல், டாக்சி என்று ஏதேதோ உளறியிருப்பேன். அவள் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். “அவ அங்க தனியா கிடக்கறா. எனக்கு வலிச்சா வலிக்கட்டும், அது என் முதுகுதானே” என்றாள். “நகருங்க.”

நகர்ந்தேன். வேன் படி அவள் முழங்கால் உயரம். கம்பியைப் பிடித்தாள், காலை வைத்தாள், ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன், தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேன்காரர் வண்டியை நிழலுக்குத் தள்ளி நிறுத்தக் கிளப்பினார். சாக்கடைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது, ரொட்டித் தட்டுகளெல்லாம் கடகடவென்று ஆடின. உள்ளே அவள் “அம்மா” என்றாள். ஓடினேன். ஜன்னலில் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்ததும், “இவ்வளவுதானா?” என்றாள்.

அந்த எஞ்சின்மேல் நாணயம் நின்றபோது இதற்கு மேல் ஒரு அதிசயத்தைப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள். பதினெட்டு வருடமாக அதை வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.

வேன்காரர் ரொட்டி இறக்கி முடிக்கிறவரை எனக்கு நேரம். இறங்கிக் கொஞ்சம் காலாற நில் என்றேன், மாட்டேன் என்கிறாள். இறங்கினால் என் முகத்தைப் பார்த்து மனசு மாறிவிடுமாம். நான் வண்டிக்குக் காவலாக இங்கேயே இருக்கிறேன். நாளை எப்படியாவது வந்துவிடுவேன். போனில் உனக்குச் சொல்லக் கூடாது என்று கட்டளை. சொன்னால், அவள் மேலே வந்து சேரும்வரை நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயப்படுவாயாம். அதனால்தான் கையில் கடிதம்.

கதவுச் சத்தம் கேட்டு நீ எழுந்திருக்கவில்லையே? அவளுக்கு நாற்காலி, தலையணை என்று யாரையும் ஓடவிடாதே. அவளுக்கு வேண்டியதை அவளே இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். உன் அக்கா “எழுதினது போதும், குடுங்க” என்கிறாள்.

நீயும் படித்தது போதும். நிமிர்ந்து பார். நிற்கிறாள்.

அத்தான்